பால் கட்டிலும் சோற்றுக் கட்டிலும்

மானகிரிக் கொத்தனார்களுக்கு நெஞ்சு எரிந்தால் வைத்தியம் கையிலேயே இருந்தது. பூச்சுக்கென்று நீற்றி வைத்த சுண்ணாம்புப் பானையில், சுண்ணாம்பெல்லாம் அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு ஒரு மடக்கு. அதற்குப் பெயர் தெளிவு. குடித்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வரும், எரிச்சல் அடங்கும், ஆள் மறுபடியும் சாரத்தில் ஏறிவிடுவான். விடியக்கருக்கலில் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு நீராகாரம், பிறகு உச்சிப்பொழுது வரைக்கும் வெறும் வயிற்றில் கடுங்காப்பி, வெயிலில் சுவரோடு மல்லுக்கட்டு. இப்படிப் பிழைக்கிறவன் வயிறு எரியாமல் குளிரவா செய்யும்? அப்பன் குடித்தான், பாட்டன் குடித்தான். அதை யாரும் மருந்து என்று நினைத்ததும் இல்லை, விஷம் என்று நினைத்ததும் இல்லை. வெற்றிலைக்குத் தடவுகிற சாமான்தானே.

ஆசைத்தம்பி மேல்பூச்சுக்காரன். செட்டிமார் வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைக்கிற பூச்சுக்கு அவனைத்தான் கூப்பிட்டு விடுவார்கள். அவன் தேய்த்த சுவரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது தேவகோட்டை வரைக்கும் பேச்சு. அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு, வீட்டிலிருந்த ரசம் போன கண்ணாடியைக் காட்டி, "ஊருக்கெல்லாம் கண்ணாடி பண்ணுறீக, நான் இதுக்குள்ள மூஞ்சியத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று இடிப்பாள். "உம் மூஞ்சிக்கு இது போதும்டி" என்பான் அவன். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு அவன் பிள்ளை, அவனுக்கு அவள் பிள்ளை. அவனை விட்டால் அவளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனி. தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகப்புச் சுவர் பூசிக்கொண்டிருந்தான். சாரத்தின் மேலேயே குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்த தம்பி சேவுகன் ஏறிப்போய்ப் பார்த்தால், முந்தின நாள் தின்றது அப்படியே கிடக்கிறது, அதோடு காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பு. அன்றைக்குத் தெளிவும் வயிற்றில் தங்கவில்லை. சேவுகன் அண்ணனைத் தோளில் சாய்த்து பஸ்ஸில் ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தான்.

அங்கே கடல் கடந்து சம்பாதித்த ஒரு செட்டியார் கட்டிவிட்ட தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. உயரமான கூரை, வரிசையாகக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மதராஸிலிருந்து டாக்டர் பூமிநாதன் என்று ஒருவர் வயிற்றுப்புண்ணை ஆராய்ச்சி செய்யவென்றே வந்து ஒரு வார்டைத் தனியாக வைத்திருந்தார். பிறந்தது மானாமதுரைப் பக்கம். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார், நோயாளி சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கேட்பார்.

முதலில் ஒரு பெரிய தம்ளர் நிறைய வெள்ளையாகக் குழைத்து, ஆசைத்தம்பியைக் குடிக்கச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்தவன் வாயோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அந்த வலியிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏ புள்ள, நம்ம சாந்தக் குடுத்துத்தான் படம் எடுக்குறாக. கடுக்காத் தண்ணி மட்டும் சேக்கல. சேத்திருந்தா வயித்துக்குள்ள மேல்பூச்சே பூசியிருக்கலாம்."

"பேசாம வாங்க. பேசப் பேச வலிக்கப் போகுது" என்று வள்ளிக்கண்ணு முந்தானையால் துடைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் ஒரு ஓரத்தில் தங்கிவிட்டது.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசையில் ஒட்டின கவர்கள் ஒரு கட்டு.

"புண்ணு இருக்கு. பழைய புண்ணு. இப்போதைக்கு அறுக்க வேண்டாம், ஆத்திப் பாப்போம். ஒரு வெள்ளைப் பொடி குடுக்கிறோம், அது எல்லாருக்கும் உண்டு. சாப்பாடு மட்டும் ரெண்டு வகை. பாதிப் பேருக்கு மணிக்கொரு தடவை பால், சோறே கிடையாது. மீதிப் பேருக்கு வழக்கமான சோறு, குழம்பு, உறைப்பு மட்டும் குறைச்சு. எதுல சீக்கிரம் ஆறுதுன்னு பாக்குறோம். யாருக்கு எதுங்கிறது என் கையில இல்ல. கவர்ல உள்ளபடி."

"பூக்கட்டிப் பாக்குற மாதிரியா சாமி?" என்றாள் வள்ளிக்கண்ணு.

டாக்டர் சிரித்தார். "அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

சிரித்துக்கொண்டே சொன்னது. சொன்னவருக்கு அது விளையாட்டு, கேட்டவளுக்கு அது வாக்கு. கருப்பர் கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் சாமிக்கு மனக்குறை. அதோடு விட்டுவிடுகிறார்களா? தேங்காய் உடைத்து, விழுந்து கும்பிட்டு, மறுபடியும் கேட்பார்கள். பதில் எங்கேயோ இருக்கிறது, எடுக்கிற கைதான் தவறும் என்பது கணக்கு.

டாக்டர் மேலாக இருந்த கவரைப் பிரித்தார். "சோறு" என்றார்.

வள்ளிக்கண்ணு கவரை எட்டிப் பார்த்தாள். புண் வந்த வயிற்றுக்குச் சோறும் குழம்புமா? புண்ணென்றால் பால்தான் என்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.

"சாமி, இன்னொரு கவரு எடுங்க. எங்க கோயில்ல மூணு தரம் கேப்போம்."

"இங்க ஒரு தரம்தாம்மா."

"நாங் குளிச்சிட்டு வந்து எடுக்கட்டா? இவுகளுக்கு நேரம் சரியில்ல, அதான்..."

"அம்மா, அப்படி மாத்தி மாத்தி எடுத்தா இந்த ஆராய்ச்சிக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். கவலப்படாதீங்க, சோத்துலயும் ஆறும்."

வெளியே வந்ததும் நர்சம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "டாக்டர் சொன்ன சாப்பாட்டத் தவிர வேற எதையாச்சும் குடுத்தீங்க, அன்னைக்கே கட்டிலக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான். பலகாரம், தின்பண்டம் ஒண்ணும் கூடாது."

பக்கத்துக் கட்டிலில் நாச்சியாபுரத்துச் சம்சாரி ஒருவன் கிடந்தான். பேர் சோணை. கறுத்து, நெடுநெடுவென்று, கலப்பை பிடித்த கை. அவனுக்கு விழுந்தது பால். மணிக்கொரு தடவை நர்சம்மா தம்ளரை வைத்துவிட்டுப் போவாள். அவன் அதைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளிப்பான். பக்கத்துக் கட்டிலுக்குச் சோற்றுத்தட்டு வரும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். இந்தப் பக்கம் ஆசைத்தம்பி சோற்றை அளைந்து, ரெண்டு வாய் தின்றுவிட்டு, "எரியுது புள்ள" என்பான். அவன் எரியுது என்று சொல்லும்போதெல்லாம் வள்ளிக்கண்ணுவின் கண் தானாக அடுத்த கட்டில் தம்ளருக்குப் போகும்.

குழாயடியில் தட்டுக் கழுவும்போது சோணையின் பெண்டாட்டி பொன்னழகுதான் பேச்சை எடுத்தாள்.

"ஏத்தா, நீங்க மானகிரியா?"

"ஆமாக்கா."

"உம் புருசன் தட்டுல பாதிச் சோறு அப்படியே கெடக்கே, திங்க மாட்டாரா?"

"எங்கிட்டுத் திங்குறது? புண்ணுல குழம்பு பட்டா எரியாதா? உங்க வீட்டுக்காரரு குடுத்து வச்சவருக்கா. பாலு விழுந்திருக்கு."

"நீதான் மெச்சிக்கிறணும். பாலுன்னாலே அவுகளுக்குக் கொமட்டும். மூணு வேளையும் சோத்த மலையாக் குமிச்சு வச்சு உருட்டுற ஆளு. 'என்னையக் கன்னுக்குட்டின்னு நெனச்சாகளா'ன்னு எங்கிட்டச் சண்ட. நேத்து என்னா செஞ்சாக தெரியுமா? நர்சம்மா அங்குட்டுப் போகவும் பால ஜன்னலு வழியா வேப்பமரத்துக்கு ஊத்திட்டாக."

"அடி ஆத்தி! பாலையா?"

"பால்தான். மரம் நல்லா வளரட்டும்னு."

ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றதும் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று பிற்பாடு கேட்டால், நீதான் என்று அவளும் இவளும் மாறி மாறிக் கைகாட்ட வேண்டியதுதான். உண்மையில் யாரும் சொல்லவில்லை. பொன்னழகு, "ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஒரு மொழம்கூட இல்ல" என்றாள். வள்ளிக்கண்ணு, "டாக்டரு காலையிலதான வாராக" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து சோறு வந்ததும் தட்டு இந்தக் கட்டிலிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் போகும். சோணை துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஆவலாக உருட்டி விழுங்குவான். பால் தம்ளர் அந்தக் கட்டிலிலிருந்து இந்தக் கட்டிலுக்கு வரும். வள்ளிக்கண்ணு கருப்பரை மனசில் நினைத்துக்கொண்டு புருஷனைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைப்பாள். சாமி தவறிக் கொடுத்ததைத் தான் திருத்திவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

முதலில் எரிச்சல் தணிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பால் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூளும். ஆசைத்தம்பி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"ஏ புள்ள, சேவுகன்ட்டச் சொல்லி ஒரு போத்தல் தெளிவு கொண்டாரச் சொல்லு. அது பட்டாத்தான் கேக்கும்."

"வேற ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு நர்சம்மா..."

"தின்பண்டத்தத்தான சொன்னாக? தெளிவு என்ன தின்பண்டமா? படம் எடுக்கையில குடுத்தது என்னாங்கிற? சுண்ணாம்பு. இந்தா தெனமும் பொடியக் கலக்கிக் குடுக்காகளே, அது என்னா? மோந்து பாரு, சுண்ணாம்பு. அவுகளும் அதத்தான் செய்யுறாக, பேருதான் இங்கிலீசு."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவளும் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வீட்டுச் சுண்ணாம்புக்கும் அதற்கும் அண்ணன் தம்பி உறவு என்றே தோன்றியது. சேவுகன் மறுநாள் கலர் போத்தலில் தெளிவைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பாலிலேயே கலந்து கொடுத்தாள்.

அன்றைக்கு அவன் தூங்கினான். வாயைப் பிளந்து, குறட்டை விட்டு, பிள்ளை மாதிரித் தூங்கினான். வள்ளிக்கண்ணு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் போல இனிமையாக எதையும் அவள் கேட்டதில்லை. எழுந்ததும் அவன், "வீட்டுக்குப் போனதும் நம்ம வீட்டு உள்சுவருக்கு வெள்ளைக்கரு போட்டுத் தேச்சுத் தாரேன். நீ ஆசை தீர மூஞ்சியப் பாரு" என்றான். அவள் தெளிவு போதாதென்று, அடியில் தங்கிய சுண்ணாம்பையும் ஒரு விரல் வழித்துப் போடத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு வந்ததைச் சொல்லவே நா கூசுகிறது. எரிச்சல் போனது, ஆளும் கூடவே போகத் தொடங்கினான். தாகம் தாகம் என்றான். வெளிக்கே போகவில்லை. குடித்தது திரும்பி வந்தது. எழுந்து உட்காரச் சொன்னால் துணி மாதிரித் துவண்டான். வள்ளிக்கண்ணு என்ன செய்வாள்? வாடுகிற பயிருக்குத் தண்ணீரைக் கூட்டி விடுகிற மாதிரி, இன்னும் பால் வேண்டும் என்று பொன்னழகிடம் கேட்டாள். இன்னும் தெளிவு வேண்டும் என்று சேவுகனை விரட்டினாள். அவன் வாடவாட அவள் கூட்டிக் கூட்டிக் கொடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் சோணைக்கு முகம் தெளிந்துவிட்டது. டாக்டர் காலையில் வந்து அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்லீக." "பால் உங்களுக்கு நல்லா வேலை செய்யுதுங்க சோணை" என்று முதுகில் தட்டினார். சோணை கூரையைப் பார்த்தான். அடுத்த கட்டிலுக்கு வந்தவர் முகம் மாறிவிட்டது. கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"சாப்பாடு எப்படிம்மா போகுது?"

"தின்னுறாக சாமி" என்றாள் வள்ளிக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு.

"சோறுதானே?"

"ஆமா சாமி."

பொன்னழகு அந்தப் பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். ரெண்டு பெண்களும் அன்றிலிருந்து நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை.

பிறகு ஒரு காலை, ஆசைத்தம்பியின் வலது கை காற்றில் எழுந்தது. விரல்கள் ஏதோ பிடியைப் பிடித்த மாதிரி மடங்கின. கை மேலும் கீழும் இழைத்தது, நிதானமாக, மட்டம் பார்த்து. வள்ளிக்கண்ணு அந்தக் கையைப் பிடித்தாள்.

"என்னாங்க செய்யுறீக?"

"ஏ சித்தாளு, என்னத்த வேடிக்க பாக்குற? தண்ணியத் தெளி. சுவரு காயுதுல்ல?"

"நாந்தாங்க, வள்ளிக்கண்ணு."

"யாரு வீட்டுப் புள்ள நீயி? புதுசா? போயி எங் கொழுந்தியாளக் கூப்புடு, அவளுக்குத்தான் பதம் தெரியும்." அவனுக்குக் கொழுந்தியாள் என்று யாரும் கிடையாது. அவன் கண் அவளைத் தாண்டி எங்கேயோ ஒரு சுவரைப் பார்த்தது.

டாக்டர் வந்து பார்த்தார். பிறகு சேவுகனைத் தனியே கூப்பிட்டார். வள்ளிக்கண்ணுவும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

"எனக்குப் பிடிபடலங்க சேவுகன். வெறும் புண்ணு இப்படிச் செய்யாது. உள்ள வேற எதாவது கட்டி இருக்கோ, குடல் அடைச்சிருக்கோ. நாளைக்குக் காலையில வயித்தத் திறந்து பாத்துருவோம். ஆளு இருக்கிற நிலைமைக்குத் தாங்குவார்னு என்னால உறுதி சொல்ல முடியாது. திறக்காமலும் விட முடியாது. நீங்க சம்மதிக்கணும்."

சேவுகன் மதினியைத் திரும்பிப் பார்த்தான். "என்னா மதினி செய்யுறது? நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஓடல."

அவள் வார்டுக்குள் ஓடி, பொன்னழகின் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நான் சொல்லிரப் போறேன்."

"என்னாத்த?"

"சோத்த மாத்துனத. சோறு தின்ன வயித்துல என்ன இருக்குன்னு பாக்க அறுக்கப் போறாக. இவுக சோறே திங்கலையேக்கா. பாலுதான குடிச்சாக. டாக்டருக்குத் தெரியாம அறுத்து, செத்துக்கித்துப் போயிட்டா?"

பொன்னழகு அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "தாயி, உன்னையக் கும்புட்டுக் கேக்குறேன். சொல்லாத. இப்பத்தான் அவுக வலியில்லாம நாலு வார்த்த பேசுறாக. சொன்னா ரெண்டு பேரையும் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாக. நாங்க எங்குட்டுப் போவோம்? மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு என்னா வழி இருக்கு?"

"எம் புருசன் சாகக் கெடக்காக."

"பாலு யாரையாச்சும் கொன்னுருக்கா? சொல்லு. பாலா கொல்லும்? அவுகளுக்கு உள்ள ஏதோ இருக்கு, டாக்டரு எடுத்துருவாரு. நீ சொல்லி என்னா ஆகப்போகுது? என் தாலியச் சேத்து அறுக்கப் போற, அவ்வளவுதான்."

பாலா கொல்லும்? அந்த ஒரு கேள்வி வள்ளிக்கண்ணுவை அன்றைக்குக் கட்டிப்போட்டது. அவள் திரும்பி வந்து புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். மாலையில் நர்சம்மா பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போன பால் தம்ளரை அவள் கை பழக்கத்தில் எடுத்தது, அதில் போத்தலைச் சரித்தது, அவன் உதட்டில் வைத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மூக்கைப் பிடித்துப் புகட்டினாள்.

விடிந்ததும் அவனைத் தள்ளுவண்டியில் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வண்டி நகர்ந்தது. அப்போதுதான் வள்ளிக்கண்ணு எழுந்தாள். ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே விழுந்தாள்.

"அறுக்காதீக சாமி! இவுக சோறு திங்கல! ஒரு வாயிகூடத் திங்கல! அந்தக் கட்டிலுச் சாப்பாட்ட மாத்திக்கிட்டோம். சோத்த அவரு தின்னாரு, பால இவுக குடிச்சாக. நாந்தான் மாத்துனேன். என்னைய என்ன வேணாச் செய்யுங்க, பொன்னழகக்காவ ஒண்ணும் சொல்லாதீக."

வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. சோணை துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். நர்சம்மா ஏதோ கத்த வாயெடுத்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வள்ளிக்கண்ணு பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாப் பாலும் இவர்தான் குடிச்சாரா? பொடியும் சாப்பிட்டாரா?"

"ஆமா சாமி."

"அதோட வேற என்ன குடுத்தீங்க? பயப்படாமச் சொல்லுங்க."

"வேற ஒண்ணும் இல்ல சாமி. தெளிவு மட்டுந்தான்."

"என்ன தெளிவு?"

கட்டிலுக்கு அடியிலிருந்து சேவுகன் போத்தலை எடுத்துக் கொடுத்தான். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வள்ளிக்கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் காதில் பாதிதான் ஏறியது. பாலில் சுண்ணாம்புச் சத்து, பொடியில் சுண்ணாம்பு, அதன் மேல் இதுவும் சேர்ந்து ரத்தத்தில் ஏறிப்போய்விட்டது என்றார். சிறுநீரகம் தாங்காது என்றார்.

"சாரத்துல நிக்கிறப்ப ஒரு மடக்கு குடிச்சா உடம்பு தாங்கிக்கும்மா. இது அப்படி இல்ல. நானும் என்ன சாப்பிட்டாருன்னுதான் கேட்டேன், என்ன குடிச்சாருன்னு கேக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தள்ளுவண்டியைத் திருப்பச் சொன்னார். அறுவை இல்லை. இரண்டு கையிலும் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள்.

யாரையும் வெளியே தள்ளவில்லை. "ரெண்டு பேர் பேரையும் ஆராய்ச்சிக் கணக்குலேருந்து எடுத்துட்டேன். கட்டில்லேருந்து யார எடுக்கச் சொன்னா?" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் பொன்னழகு தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இல்லாத ஒரு பயத்துக்காக ஒரு பகலும் ஒரு இரவும் போய்விட்டன. அந்தப் பகலும் இரவும் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் துணியவில்லை.

டாக்டர் அந்தக் கட்டிலை விட்டு நகரவே இல்லை. அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வள்ளிக்கண்ணு ஒன்று கேட்டாள்.

"சாமி, எது நல்ல கவரு? பாலா, சோறா? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"கவரப் போட்டது நீங்கதான?"

"தெரிஞ்சிருந்தா எதுக்கும்மா கவரு? தெரியாததுனாலதான் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அதுன்னு குடுத்துப் பாக்குறோம். யாருக்குமே இன்னும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. பதில் எங்கேயோ இருக்கிறது, சாமி கையில் இருக்கிறது, தவறிப்போனது எடுத்த கைதான் என்று அவள் நம்பியிருந்தாள். பதிலே இல்லாத ஒரு பூவைத் திருத்தப்போய்த்தான் புருஷனை இப்படிக் கிடத்தியிருந்தாளா?

ஆசைத்தம்பிக்கு நீர் பிரியவில்லை. முகம் ஊதியது. ஒரே ஒரு தடவை கண் தெளிந்து அவளை அடையாளம் கண்டுகொண்டான். "ஏ புள்ள, பசிக்குது" என்றான். அவள் எழுவதற்குள் மறுபடியும் கண் மேலே போய்விட்டது. அன்று சாயங்காலம், வெயில் தணிகிற நேரத்தில், போய்ச் சேர்ந்தான்.

கருமாதிக்கு மானகிரியில் பந்தல் போட்டார்கள். சுற்றுவட்டாரத்துக் கொத்தனார்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சித்திரை வெயில் பந்தலுக்குள்ளேயும் காய்ந்தது. சடங்கு முடிந்து பந்தி போட்டபோது, வாசலில் சோணையும் பொன்னழகும் வந்து நின்றார்கள். சோணை கன்னம் வைத்து, தோள் திரண்டு, உழவுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருந்தான். படம் எடுத்துப் பார்த்ததில் புண் ஆறிப்போயிருந்தது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று பொன்னழகு சேவுகனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது, புருஷன் பிழைத்ததே ஒரு திருட்டு மாதிரி.

சேவுகன் சோணையைக் கையைப் பிடித்து அழைத்துப் பந்தியில் உட்கார வைத்தான். இலையில் சோறு விழுந்தது. சோணை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கையை வைக்கவில்லை.

உள்ளே மூலையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு எழுந்து வந்தாள். தாலி அறுத்தவள் அன்றைக்குப் பந்திக்கு முன்னால் வரக்கூடாது. "ஏத்தா, உள்ள போத்தா" என்று ஒரு கிழவர் அதட்டினார். அவள் காதில் விழவில்லை. சேவுகன் கையிலிருந்த சோற்றுச் சட்டியை வாங்கிக்கொண்டு சோணைக்கு எதிரே போய் நின்றாள்.

"சாப்புடுங்கண்ணே."

"எறங்கலத்தா."

"எறங்கும். ஆஸ்பத்திரியில எறங்குச்சுல்ல?"

பொன்னழகு ஓடிவந்து அவள் காலைத் தொடப் போனாள். "வள்ளிக்கண்ணு, எங்கள வையி, அடி, நாங்க செஞ்சது பாவந்தான்..."

"நான் வையல அக்கா. நீங்க என்ன செஞ்சீக? நான் பாத்தாகணும், அவ்வளவுதான். அன்னைக்கு அண்ணன் துண்டப் போத்திக்கிட்டுச் சுவரப் பாத்துத் தின்னாக, நான் எம் புருசனுக்குப் பால் புகட்டிக்கிட்டு இருந்தேன், பாக்கல." அவள் சோணை பக்கம் திரும்பினாள். "எம் புருசனுக்குன்னு வந்த சோறுண்ணே அது. இது மனுசன என்னா செய்யுதுன்னு எங்கண்ணால நான் பாக்கணும். தின்னுங்க."

சோணை குனிந்து கையை வைத்தான். முதல் கவளத்தை வாயில் போட்டான். தண்ணீர் குடித்து இறக்கினான். பிறகு ரெண்டாவது, மூன்றாவது. கண்ணீர் மூக்கு வழியே இலையில் சொட்டச் சொட்டத் தின்றான். இலை காலியாக, வள்ளிக்கண்ணு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள், குழம்பை ஊற்றினாள். அதையும் தின்றான். அவள் இமை கொட்டாமல் அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை.